வீடியோக் கசெற்றுகளைக் கணனிக்கு மாற்ற எந்த மென்பொருள்?

சென்ற மாதம் எமது பணிமனைக்கு ஓர் அம்மையார் வந்திருந்தார். அவரது துணிப்பைக்குள் ஒரேயொரு வீடியோக் கசெற் இருந்தது. 1988ஆம் ஆண்டு கொக்குவிலில் நடைபெற்ற தமது வீட்டுக் குடிபுகுதல் அதில் பதிவாகியிருப்பதாகக் கூறினார். கணனிக்கு மாற்றித் தரும்படி அதனை ஒரு கடையிற் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரங்களின் பின்னர், நாடா பழுதாகிவிட்டது, அதில் எதுவுமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"தம்பி, ஒண்டும் இல்லையெண்டு சொல்லினம். ஆனா ஊரிலை இருக்கேக்கை நான் எத்தினை தரம் பாத்தனான்" என்றார்.

கசெற்றின் முகப்பில் 'ஈ-180' என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்த ஓர் எழுத்தே எமக்கு விடயத்தைத் தெரிவித்துவிட்டது. நாடா பழுதாகவில்லை. அது இந்நாட்டு முறையிற் பதிவாகாத நாடா. பன்முறை டெக் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டபோது முற்றமும் கிணறும் தெரிந்தன. பால் பொங்கியது. அம்மையாரின் தந்தையார், இன்று உயிருடன் இல்லாதவர், வாசலில் நின்று "வாருங்கோ, வாருங்கோ" என்று அழைத்தார்.

இதன் பின்னர் வாசகர்கள் பலர் எம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகின்றனர். வீட்டிலுள்ள பழைய கசெற்றுகளை நாமே கணனிக்கு மாற்றலாமா? அதற்கு எந்த மென்பொருள் இலகுவானது? இவ்வாரம் அதற்கே விடை கூற முயல்கிறோம்.

ஏன் இப்போதே?

வீடியோக் கசெற் என்பது மெல்லிய பொலியெஸ்ரர் நாடாவின் மீது காந்தத்தூள் பசைகொண்டு ஒட்டப்பட்ட ஒரு பொருள். காலப்போக்கில் பசை இளகும், காந்தப்பதிவு மங்கும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இதைவிடப் பெரிய சிக்கல், நாடாவை ஓடவைக்கும் டெக் அருகிவருவது. வி.எச்.எஸ். முறை 1976இல் ஜப்பானில் அறிமுகமானது. டெக்குகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான பூனாய் 2016 யூலையில் அதனை நிறுத்திக்கொண்டது. அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட ஒலிக் காப்பகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையொன்றில், காந்த நாடாக்களை மாற்றுவதற்கான கெடுவாக 2025ஆம் ஆண்டைக் குறித்திருந்தது. அந்தக் கெடு வந்துவிட்டது. நாடாக்கள் யாவும் ஒரே நாளில் அழிந்துவிடுமென்பது இதன் பொருளன்று. இனி ஒவ்வோர் ஆண்டும் வேலை கடினமாகும் என்பதே பொருள்.

எம்மவருக்கு இதில் மற்றவர்களைவிடக் கூடுதலான இழப்பு உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது படச் சட்டங்களையும் அல்பங்களையும் வீடுகளிலேயே விட்டுச் சென்றவர்கள் பலர். ஆனால் அதற்கு முன்னரே வெளிநாட்டிலிருந்த பிள்ளைக்கு அனுப்பப்பட்ட கசெற் தப்பிவிட்டது. 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னர், இங்கிருந்து போன கலியாணக் கசெற்றைப் பார்க்க ஊரில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்தார்கள். அக்காலத்தில் கசெற் எமக்குக் கடிதமாக இருந்தது. இன்று பல குடும்பங்களுக்கு, இடிந்துபோன வீட்டின் ஒரே படமும் அதுவே.

முதலில் நாடாவைப் பாருங்கள்

மென்பொருளைத் தேடுவதற்கு முன்னர் நாடா எந்த முறையிலானது என்று அறிய வேண்டும். இலங்கை, இந்தியா, பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 'பால்' முறை வழக்கிலிருந்தது. அது 625 கோடுகளையும் செக்கனுக்கு 25 படங்களையும் கொண்டது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 'என்.ரி.எஸ்.சி.' முறை. அதில் 525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள். பிரான்சின் தொலைக்காட்சி 'சீக்கம்' முறையைக் கைக்கொண்டது. கசெற்றின் மீது 'ஈ-180' என்றிருந்தால் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆசிய முறை. 'ரி-120' என்றிருந்தால் பெரும்பாலும் வட அமெரிக்க முறை. என்.ரி.எஸ்.சி. டெக்கில் பால் நாடாவைப் போட்டால் படம் உருளும், அல்லது நீலத்திரை மட்டுமே தெரியும். அந்தக் கடையில் நடந்தது இதுவே. ஆகவே, "ஒன்றுமில்லை" என்று எவர் சொன்னாலும் பன்முறை டெக்கிற் போட்டுப் பார்க்காமல் நாடாவை எறிந்துவிடாதீர்கள்.

வேறு சில முன்கவனங்களும் உண்டு. கசெற்றின் முதுகுப் பக்கத்தில் சிறிய பிளாஸ்ரிக் துண்டு ஒன்றிருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் மறுபதிவு செய்ய முடியாது. குளிர்காலத்தில் காரிலிருந்தோ நிலவறையிலிருந்தோ எடுத்த கசெற்றைச் சில மணிநேரம் அறையிலேயே வைத்திருந்து, குளிர் முற்றாக நீங்கிய பின் ஓடவிடுங்கள். நாடாவின் விளிம்பில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் டெக்கிற் போடவே வேண்டாம். அது டெக்கையும் அடுத்த நாடாவையும் கெடுக்கும். அதனைத் துறைசார்ந்தவரிடம் கொடுப்பதே நன்று.

பதிவு வேறு, தொகுப்பு வேறு

வாசகர்கள் பலரும் "ஒரு மென்பொருள் சொல்லுங்கள்" என்றே கேட்கின்றனர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இங்கே இருப்பது ஒரு வேலையன்று, மூன்று வேலைகள். நாடாவிலுள்ளதைக் கணனிக்குள் பதிவது முதலாவது. வெறும் நீலத்திரையையும் நாடா முடிந்தபின் ஓடும் இரைச்சலையும் நறுக்குவது இரண்டாவது. தலைப்பு எழுதி, துண்டுகளைச் சேர்த்து உறவினருக்குக் கொடுக்கும் பிரதியை உருவாக்குவது மூன்றாவது. மூன்றையும் ஒரே மென்பொருளிற் செய்ய முற்படுவோரே இடைநடுவிற் சலித்து, பெட்டியை மீண்டும் நிலவறைக்கு அனுப்புகின்றனர்.

பதிவதற்கு டெக்கிலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளைக் கணனியின் யூ.எஸ்.பி. துளையுடன் இணைக்கும் சிறுகருவி ஒன்று தேவை. அத்துடன் வரும் மென்பொருளே போதுமென்று பலர் நினைப்பதுண்டு. அவற்றுட் பல பழையவை. புதிய கணனியில் அவை ஓடாமற் போகலாம். நாம் பரிந்துரைப்பது ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ. இது இலவசமானது. வின்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். நேரடி ஒளிபரப்புச் செய்வோருக்காக எழுதப்பட்டதாயினும் எமது தேவைக்கும் நன்கு பொருந்தும்.

இதிற் செய்யவேண்டிய அமைப்புகள் சில மட்டுமே. பால் நாடாவாயின் படத்தின் அளவை 720க்கு 576 என்றும் வேகத்தைச் செக்கனுக்கு 25 என்றும் கொடுக்க வேண்டும். என்.ரி.எஸ்.சி. ஆயின் 720க்கு 480, 29.97. கருவியின் அமைப்புப் பகுதியிலும் அதே முறையைத் தெரிவுசெய்ய வேண்டும். பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரு பாதிகளாக எழுதப்பட்டிருக்கும். கணனித் திரையில் அது, ஆள் அசையும்போது சீப்பின் பற்களைப் போல விளிம்பு பிரிந்து தெரியும். அதைச் சீராக்கும் வசதியும் ஓ.பி.எஸ்.இல் உண்டு. கோப்பை 'எம்.கே.வி.' வகையிற் பதிவது பாதுகாப்பானது. நடுவில் மின்சாரம் தடைப்பட்டாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் தப்பிவிடும்.

வின்டோஸ் கணனி வைத்திருப்போர் வேறொன்றையும் முயன்று பார்க்கலாம். வேர்ச்சுவல்டப் என்ற பழைய இலவச மென்பொருள், இரு பாதிக் கோடுகளையும் உள்ளவாறே இழப்பின்றிப் பதிய வல்லது. தரத்திற் கண்டிப்பானவர்கள் அதனையே நாடுவர். ஆனால் கோப்புகள் மிகப் பெரியதாகும், அமைப்புகளும் கடினமானவை. முதன்முறை செய்வோருக்கு ஓ.பி.எஸ். போதும்.

ஒரு மணிநேர நாடாவைப் பதிய ஒரு மணிநேரம் வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. செக்கனுக்கு 10 மெகாபிற் அளவிற் பதிந்தால் ஒரு மணிநேரத்துக்கு நான்கரை ஜிகாபைற் இடம் பிடிக்கும். இரண்டு மணிநேரக் கசெற்றுகள் 20 வைத்திருப்பவருக்கு 180 ஜிகாபைற் போதும். இன்றைய சிறிய வெளிவன்தட்டு ஒன்றே அதைத் தாங்கும்.

எளிய தொகுப்பு மென்பொருள் எது?

நறுக்குவதற்கு மட்டும் லொஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கலாம். இதன் சிறப்பு, படத்தைத் திரும்பவும் சுருக்காமல் வேண்டாத பகுதியை மட்டும் விட்டுவிடுவது. ஒரு மணிநேரக் கோப்பும் சில நிமிடங்களுள் முடிந்துவிடும், தரமும் சற்றேனும் குறையாது. வெட்டு நாம் குறித்த இடத்துக்கு ஒரு செக்கன் முன்பின்னாக விழலாம். வீட்டு வீடியோவுக்கு அது ஒரு குறையன்று.

தலைப்பும் தொடுப்பும் வேண்டுவோர் ஒரு தொகுப்பு மென்பொருளைத் தெரிய வேண்டும். முன்னர் பலரும் பழகியிருந்த வின்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2017 ஜனவரியிற் கைவிட்டது. அதன் இடத்துக்குப் பல வந்துள்ளன. எதைத் தெரிவதாயினும் அதனிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, பழைய படத்தின் வடிவத்தைக் காப்பாற்றுமா? எமது நாடாக்கள் நான்குக்கு மூன்று என்ற சதுரப்பாங்கான வடிவம் கொண்டவை. இன்றைய திரைகள் அகலமானவை. அகலத்துக்கு இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவர். நிரப்புவதற்காகப் பெருப்பித்தால் மணமகளின் கொண்டையும் குத்துவிளக்கும் வெட்டுப்பட்டுவிடும். மக் கணனியில் இலவசமாகக் கிடைக்கும் ஐமூவி பழகுவதற்கு இலகுவானதே. ஆயினும் அது அகலத்திரை வடிவத்திலேயே வேலை செய்வதால், படத்தை முழுமையாக உள்ளடக்கும் தெரிவை நீங்களே கொடுக்க வேண்டும். இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதையிட்டு வருந்த வேண்டாம்.

இரண்டாவது, முடித்த பிரதியில் முத்திரை குத்துமா? இலவசம் என்று அழைத்து, ஒரு வார உழைப்பின் பின் அப்பம்மாவின் முகத்துக்குக் குறுக்கே தமது பெயரை அடித்துவிடும் மென்பொருள்கள் உண்டு. தொடங்குமுன் ஒரு நிமிடத் துணுக்கைச் சேமித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

மூன்றாவது, தமிழை ஒழுங்காக எழுதுமா? தலைப்புப் பெட்டியில் 'கொக்குவில்' என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் அரவும் ககரத்தைச் சூழ்ந்து நின்றால் நல்லது. கொம்பு பின்னால் போய் நின்றாலோ, வெறும் வட்டம் தோன்றினாலோ அதனை விட்டுவிடுங்கள். பாமினி எழுத்துருவிற் பழகிய கைகள் பல எம்மிடையே உள்ளன. அதனைத் தலைப்பிற் பாவிப்பதில் தவறில்லை. ஆனால் கோப்பின் பெயரையும் குறிப்புகளையும் யூனிக்கோட்டில் எழுதுங்கள். இல்லையேல் அந்த எழுத்துரு இல்லாத கணனியில் உங்கள் பிள்ளைகள் காண்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும்.

நான்காவது, உங்களிடமுள்ள கணனியில் ஓடுமா, பணம் கட்டுவதை நிறுத்தினாலும் திறக்குமா? டாவின்சி ரிசோல்வ் திரைப்படத் துறையினர் பாவிப்பது, இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் அது வலுமிக்க கணனியைக் கேட்கும். வாழைக்காய் நறுக்க வாள் எதற்கு? மாதக் கட்டண மென்பொருள்களில் கட்டணம் நின்றால் வேலையும் நிற்கலாம்.

இந்நான்கையும் எடைபோட்டு நாம் தெரிந்தது ஷொட்கட். இது இலவசம், திறந்த மூலநிரல், முத்திரை கிடையாது. வின்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பழைய பால், என்.ரி.எஸ்.சி. வடிவங்கள் இதன் பட்டியலிலேயே உள்ளன. அதைத் தெரிந்து, கோப்பை இழுத்துப் போட்டு, தலைப்பை எழுதி, 'எம்.பி.4' ஆகச் சேமித்தால் எந்தக் கைத்தொலைபேசியிலும் ஓடும். கேடென்லைவ் இதைவிட வசதிகள் கூடியது, கற்பதற்குச் சற்று நேரம் எடுக்கும். ஓப்பன்ஷொட் மிக எளிமையானது. வின்டோஸ் 11 உடன் வரும் கிளிப்சாம்ப் மென்பொருளும் சிறு துணுக்குகளுக்குப் போதும். இவற்றில் ஏதாவதொன்றில் ஏற்கெனவே பழகியிருந்தால் அதையே பாவியுங்கள். பழகிய கத்தியே நல்ல கத்தி.

நாம் செய்த பிழை

மென்பொருள் கையில் வந்ததும் எவருக்கும் ஓர் ஆவல் பிறக்கும். வெட்டலாம், பாட்டுப் போடலாம், பூக்கள் பறக்கவிடலாம். இங்கே எமது பிழையொன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது குடும்பத்துச் சாமத்தியச் சடங்கொன்றின் கசெற்றை நாம் இவ்வாறு மாற்றினோம். விருந்தினர் பந்தியிலிருந்து சாப்பிடும் நீண்ட காட்சி எமக்குச் சலிப்பாயிருந்தது. அதனை வெட்டினோம். எஞ்சியதன் சத்தம் இரைச்சலாக இருந்ததென்று அதை நீக்கிச் சினிமாப் பாடலொன்றைச் சேர்த்தோம். எல்லோரும் அழகாயிருக்கிறதென்றார்கள். வன்தட்டில் இடம் போதாமையால் முதற்பதிவை அழித்தோம். கசெற்றையும் எறிந்தோம்.

பின்னர் ஒருநாள் எமது பெரியம்மாவின் மகள் கேட்டார்: "அந்தப் பந்தியிலை அம்மா எல்லாரையும் மறிச்சு மறிச்சுச் சோறு போடச் சொல்லிக் கதைச்சவ. அது எங்கை?" பெரியம்மாவின் குரல் வேறெதிலும் பதிவாகியிருக்கவில்லை. எமக்குச் சலிப்பாயிருந்த அந்தச் சில நிமிடங்களும் நாம் இரைச்சலென்று நீக்கிய அந்தச் சத்தமுமே அவருக்கு வேண்டியிருந்தன. எம்மிடம் சினிமாப் பாடல் மட்டுமே இருந்தது.

ஆகவே எமது ஆலோசனை இது. முதற்பதிவில் எவரும் கைவைக்கலாகாது. அதனை 'மூலம்' என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுங்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் பிரதியில் மட்டுமே. பாட்டுச் சேர்ப்பதாயினும் உள்ள சத்தத்தைத் தாழ்த்துங்கள், நீக்காதீர்கள். மாற்றிய பின்னரும் கசெற்றை எறியாதீர்கள். மூலத்தின் மூன்று பிரதிகளை இரு வேறு வகைச் சாதனங்களில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டிலோ நாட்டிலோ வைத்திருப்பது காப்பகத்தார் கைக்கொள்ளும் வழக்கம். உறவினர் ஐந்து நாடுகளிற் சிதறியிருக்கும் எமக்கு, இவ்வொரு விடயத்திலாவது அந்தச் சிதறல் பயன்படட்டும்.

மென்பொருள் செய்யாத வேலை

எந்த மென்பொருளாலும் செய்ய முடியாதது ஒன்றுண்டு. பந்தலின் மூலையில் வெற்றிலைத் தட்டுடன் நிற்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். மாற்றிய கோப்பை அவர்களுடன் இருந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு கைத்தொலைபேசியைப் பேச்சைப் பதியும்படி வைத்துவிடுங்கள். "உது எங்கடை சின்னையா, உவர் பிறகு வன்னியிலை..." என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவாகட்டும். பின்னர் ஆண்டு, ஊர், நிகழ்ச்சி என்ற ஒழுங்கிற் கோப்புக்குப் பெயரிட்டு, ஆட்களின் பெயர்களை ஒரு குறிப்பாக எழுதி அதனுடன் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கசெற்றிலுள்ளவர்கள் எல்லோரையும் கேட்காமல் இணையத்தில் எவரும் பார்க்கும்படி போட்டுவிடாதீர்கள். அதில் இன்னமும் ஊரில் வாழ்பவர்கள் இருக்கலாம். சிலரது முகத்தைத் திடீரெனக் காண்பது அவர்களை இழந்த வீட்டாருக்குத் தாங்கமுடியாததாகவும் இருக்கலாம். குடும்பத்தினர் மட்டும் பார்க்கக்கூடியவாறு பகிர்ந்தாற் போதும்.

கொக்குவில் அம்மையாரின் கசெற்றை மூன்று மணிநேரமும் முழுமையாகப் பதிந்து கொடுத்தோம். எதையும் வெட்டவில்லை. தலைப்பாக வீட்டின் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதினோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தகப்பனார் வாசலில் நின்று அழைக்கும் துண்டைத் தனியே எடுத்துத் தொலைபேசியிற் போட்டுத் தர முடியுமா என்பது. லொஸ்லெஸ்கட்டில் அதற்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை.

இவ்வார இறுதியில் நிலவறைக்குச் சென்று பெட்டியைத் திறவுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் செய்ய எண்ண வேண்டாம். வீட்டில் மிக வயது முதிர்ந்தவர் எந்தக் கசெற்றை முதலிற் பார்க்க விரும்புகிறார் என்று கேட்டு, அதிலிருந்து தொடங்குங்கள்.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.